தரையில் கால் படாத வீடு

பிள்ளைகளே, ஒரு தென்னந்தோட்டம் எப்போது 'கார்டன்' ஆகும் தெரியுமா? அதில் நிற்கும் கடைசித் தென்னையையும் தறித்த பிறகு!

என் மனைவியோடு கூடப்பிறந்த நானா ரசீன் மச்சான், போன மாதம் என்னை அப்படியொரு கார்டனுக்குக் கூட்டிப் போனார். புத்தளம் டவுனை விட்டு மதுரங்குளிப் பக்கம் போய், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி... அதற்குப் பிறகும் உள்ளே. வாசலில் பெரிய போர்ட். பச்சை எழுத்து, பச்சை மரம், பச்சைக் கிளி. அங்கே பச்சையாக இருந்தது அந்தப் போர்ட் மட்டும்தான். மற்றதெல்லாம் மணலும், விற்பதற்குத் துண்டு பிரித்து நட்ட எல்லைக் கல்லும்.

"மகளுக்கு இதுல ஒரு துண்டு எடுப்பம். காத்து நல்லா வருது பாருங்க மச்சான்!"

வராமல்? தடுக்கத்தான் ஒரு மரமும் இல்லையே.

மச்சானின் மகள் பர்ஹானா டவுன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவாள். கல்யாணம் பேசியாகிவிட்டது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்தாக வேண்டும் — அதுவும் தனி வீடு. யுத்தம் முடிந்ததிலிருந்து இப்படிக் கொடுத்துக் கொடுத்தே, மாடு மேய்ந்த இடமெல்லாம் அடுப்பெரியும் குசினியாகிவிட்டது. கரண்ட் கம்பமும் தண்ணீர்க் குழாயும் பின்னால் ஓடி ஓடிக் களைத்துவிட்டன. பஸ் மட்டும் புத்திசாலி... பழைய இடத்திலேயே நிற்கிறது.

விஷயத்தைக் கேட்ட பர்ஹானா, "அங்கேந்து பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிப் போற வாப்பா?" என்றாள்.

"மாப்பிள்ளை பைக்ல கொண்டு விடுவார்."

"அவர் கட்டார்ல ஈக்கிறார். கட்டார்லேந்தா வந்து ஏத்துவார்?"

"அப்ப வேலைய விடுங்க மகள்!"

அவளுடைய முகம் சுருங்கிப் போனது. ஆனால் வாய் அடங்கவில்லை. "இந்த ஊட்டுக்கு மேலயே கட்டித் தாங்க. ஸ்லெப் போட்டுத்தானே ஈக்கி. கம்பியெல்லாம் வானத்தப் பாத்துத் துருப்பிடிக்குது."

"தரையில கால் படாத ஊட்டக் குடுத்தா சம்பந்தி என்ன செல்லுவாங்க? கருவாடு காய வெச்ச இடத்துல பொண்ணயும் காய வெச்சீக்கிறாங்க எண்டு செல்லுவாங்க!"

சம்பந்தியிடமே கேட்டுவிடுவோமே என்றேன் நான். மாப்பிள்ளையின் உம்மா வந்தார். காற்று வருமா, குசினி பெரிதா — ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தனிக் கேட் ஈக்கா?"

"கேட்டா?" என்றார் மச்சான்.

"ஓம். ஒரே கேட்டால போனா அது வாப்பாட ஊடு. தனிக் கேட்டால போனாத்தான் மகள்ட ஊடு. ஏணி வெச்சு ஏறினாலும் எங்களுக்குக் காரியமில்ல."

முடிந்தது! அடுத்த வாரமே மதிலை உடைத்தார்கள். மேலே இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை; கேட் வந்துவிட்டது, பெயின்டும் அடித்தாகிவிட்டது. பழைய கேட்டும் புதுக் கேட்டும் ஒன்றாகத் திறந்தால் ஒன்றோடொன்று முட்டும். உள்ளே முற்றம் ஒன்றுதான்!

ஊர் அகலமாகிக்கொண்டே போவது இடம் போதாமல் என்றல்லவா பெரியவர்கள் நாங்கள் சொல்லிக்கொண்டு திரிகிறோம்? இடம் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. போதாமல் இருந்தது கேட்!

நேற்றுக் காலை பர்ஹானா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "என்ட ஊட்டால போய்ட்டு வாறன் வாப்பா" என்று புதுக் கேட்டைத் திறந்து, பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நான்கு மகள்மார். அவர் தன் மதிலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்...