வாசல் அளந்த நாடா

அண்ணா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், தங்கை என்ற முறையில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அப்பா. அண்ணாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது எளிது. ஆனால் எங்களைப் பற்றியும் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. அது அவ்வளவு நல்ல விஷயம் இல்லை.

அண்ணா அம்பாசமுத்திரத்தில் பிறந்தார். அவருக்கு நாலு வயதிருக்கும்போது அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை கிடைத்து, எல்லோரும் டெல்லிக்கு வந்தோம். நான் அப்போது கைக்குழந்தை. எட்டு வயதில் அண்ணா படியேறும்போது அடிக்கடி விழ ஆரம்பித்தார். விளையாட்டுப் புத்தி என்று அம்மா முதுகில் ரெண்டு வைத்தார்கள். அதைச் சொல்லி அம்மா இன்றைக்கும் அழுகிறார்கள். தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துகொண்டே போகும் நோய், மருந்து கிடையாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதின்மூன்று வயதில் அவருக்குச் சக்கர நாற்காலி வந்தது. ஆர்.கே.புரத்தில் தரைத்தள குவார்ட்டர்ஸுக்காக அப்பா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை.

வீட்டிலிருந்தே படித்து பி.ஏ. முடித்தார். காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். பாடம் இந்தியில், திட்டு மட்டும் திருநெல்வேலித் தமிழில். "அச்சா, இது எந்த ஊர்க் கணக்குலே?" என்பார். பஞ்சாபிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் 'லே' போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தது அவர் புண்ணியம்தான்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வர அரசாங்கம் சலுகை தரும். எல்.டி.சி. என்று சொன்னால் டெல்லித் தமிழர்கள் எல்லோருக்கும் புரியும். எங்கள் வீட்டில் அந்தப் பயணத்துக்குத் தலைவர் அண்ணாதான். ரயில்வே கால அட்டவணை அவர் மடியிலேயே கிடக்கும். ஜி.டி. எக்ஸ்பிரஸ் எந்த ஸ்டேஷனுக்கு எப்போது வரும், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், மெட்ராஸில் சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு எப்படிப் போவது என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிடுவார்.

பெட்டியின் கதவு வழியாக நாற்காலி நுழையாது. அதை மடித்து லக்கேஜ் வேனில் ஏற்றுவோம். அப்பா அண்ணாவை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவார். இருபது வயதில் அப்பா முதுகில் தொங்கிக்கொண்டு, "ஜல்தி போங்கப்பா, மூட்டை கரையுது" என்று அவரே கேலி செய்துகொள்வார். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். ரயில் கக்கூசுக்கு அவரைத் தூக்கிப் போவது எவ்வளவு சிரமம் என்று அவருக்குத் தெரியும். மே மாத வெயிலில், மிளகாய்ப்பொடி தடவின இட்லியைத் தண்ணீரே இல்லாமல் மென்றுகொண்டிருந்த அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

எதிர் சீட்டுக்காரர்கள் அவரை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்பார்கள்: "பையனுக்கு என்னங்க?" அம்மா வாய் திறப்பதற்குள் அண்ணா, "பையனுக்குப் பசிக்கிங்க" என்பார். கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். அதன்பிறகு யாரும் அவரோடு பேச்சை வளர்த்ததாக ஞாபகம் இல்லை.

வண்டி நிற்கும்போதெல்லாம் நாங்கள் பிளாட்பாரத்தில் இறங்குவோம். அவர் ஜன்னலோரத்தில் அப்படியே இருப்பார். நான் திரும்பி வந்ததும், "ஏட்டி, இட்டார்சியில என்ன பாத்த?" என்று கேட்பார். பார்த்ததைச் சொல்ல வேண்டும். அத்தனை தடவை அந்தப் பாதையில் போய்வந்தும், வழியில் ஒரு ஊரிலும் அவர் இறங்கியதில்லை.

நாடா விஷயம் சொந்தக்காரர்கள் பலருக்கும் தெரியும். அப்பா ஆபீஸில் கோப்புக் கட்டும் வெள்ளை நாடாவில், தன் நாற்காலியின் அகலத்துக்கு அண்ணா ஒரு முடிச்சுப் போட்டுவைத்திருப்பார். ஊருக்குப் போகிற யாராக இருந்தாலும் ஒரு நாடாவைக் கொடுத்தனுப்புவார். "உங்க வீட்டு நடையில பிடிச்சுப் பாருங்க. முடிச்சு உள்ள வந்தா நான் பாஸு." பதில் கடிதங்கள் வரும். எந்த வீடு பாஸ், எந்த வீடு பெயில் என்று நோட்டில் குறித்துவைப்பார். பாளையங்கோட்டை அத்தை வீடு பெயில். அத்தை அடுத்த லீவுக்கு ஒரு பக்கக் கதவையே கழற்றி வைத்துவிட்டு, "மருமகன் வரட்டும், கள்ளன் வந்தா வந்துட்டுப் போறான்" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அண்ணா எத்தனை பேரிடம் படித்துக் காட்டினார் என்று கணக்கே இல்லை.

இனி என் கல்யாணம். இதற்கு முன் இரண்டு வரன்கள், பெண்ணின் அண்ணனுக்கு இப்படி என்று தெரிந்ததும் நின்றுபோயின. குடும்ப வியாதியோ என்று ஒரு வீட்டார் நேராகவே கேட்டார்கள். மூன்றாவதாக மதுரை வரன் வந்தபோது, அப்பா அண்ணாவின் நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு வயது இருபத்தாறு. நானும் திறக்கவில்லை.

கல்யாணம் மதுரையில், மாசியில் முகூர்த்தம். அழைப்பிதழுக்குப் புரூஃப் திருத்தியது அண்ணா. விலாசங்கள் எழுதியதும் அவர்தான். அதற்குள் விரல்களும் வலுவிழந்திருந்தன. ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் முடியாது, ஆனாலும் வேறு யாரையும் எழுதவிடவில்லை. பயணத்துக்கான தாளும் தயாராக இருந்தது. மதுரைக்குப் போகும் சித்தப்பாவிடம் மண்டபத்து வாசலை அளக்க நாடாவும் போயிருந்தது.

போகிப் பண்டிகை அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அண்ணாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சித்தப்பா லெட்டர் போட்டிருக்கான். மண்டபத்து வாசல் ரொம்பக் குறுகலாம். முடிச்சுக்கு நாலு விரக்கட கம்மி."

சித்தப்பா கடிதமே போடவில்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணா மடியில் விரித்திருந்த கால அட்டவணையை மூடிவைத்தார். பிறகு, "அப்படியாப்பா? சரிப்பா. நான் பீஜி கூட இருந்துக்கிடுதேன். நீங்க நல்லபடியா நடத்திட்டு வாங்க" என்றார். எதிர் வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியம்மாவைத்தான் பீஜி என்போம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, சப்பாத்தி கருகுது பாரு" என்றார். நான் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சம்பந்தி வீட்டாரிடம் பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றோம். உங்களில் பலரிடம், டாக்டர் பிரயாணம் கூடாதென்று சொல்லிவிட்டார், கல்யாண வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அண்ணாவிடம் வாசல் குறுகல் என்றோம். மூன்றுமே பொய். அன்று எங்களை நம்பிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது நான் முதலில் பார்த்தது வாசலைத்தான். இரட்டைக் கதவு. இரண்டும் விரியத் திறந்திருந்தன. மாலையும் கழுத்துமாக அந்த வாசலில் நின்று அழுதேன். பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சமாதானம் சொன்னார்கள்.

அந்த நாட்களில் அண்ணா எப்படி இருந்தார் என்று பின்னால் பீஜிதான் சொன்னார்கள். கால அட்டவணையை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, "இப்போது நாக்பூர் தாண்டியிருப்பார்கள்", "இப்போது விஜயவாடா, அம்மா காபி வாங்குவாள்" என்று மணி பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாராம். முகூர்த்த நேரத்தில் மட்டும் மணி பார்க்கவில்லையாம்.

ஒரு வருடம் கழித்து என் கணவர் ஆபீஸ் வேலையாக டெல்லி வந்து அண்ணாவைப் பார்த்தார். "இதையா மறைச்சீங்க? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே" என்று கேட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "மச்சான், அடுத்த லீவுக்கு நானே உங்களைத் தூக்கிட்டு மதுரைக்குப் போறேன்" என்றார். அண்ணா சிரித்தார். அடுத்த லீவு வருவதற்குள் அவரால் உட்காரவே முடியாமல் போய்விட்டது. நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். மூச்சு விடுவதே பாடாகிப்போன அந்த மாதங்களிலும், ஊரிலிருந்து யார் வந்தாலும் எந்த வண்டியில் வந்தீர்கள், எவ்வளவு லேட் என்று கேட்காமல் விட்டதில்லை. முப்பத்துநாலாவது வயதில் ஒரு காலை நேரத்தில் போய்விட்டார்.

அஸ்தியைத் தாமிரபரணியில் கரைக்க அதே ஜி.டி.யில் கொண்டுபோனோம். செம்பு என் மடியில் இருந்தது. இட்டார்சியில் இறங்கவேண்டும் என்று தோன்றியது. செம்பை இடுப்போடு அணைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி, வண்டி கிளம்பும்வரை நின்றேன்.

கருமாதி முடிந்து டெல்லி திரும்பிய பிறகு அந்தக் கால அட்டவணையை எடுத்துவைக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு தபால் கார்டு விழுந்தது. மதுரை மண்டபத்துக் கணக்கப்பிள்ளை எழுதியது. அழைப்பிதழ் புரூஃபில் இருந்த விலாசத்தைப் பார்த்து, அண்ணா பதில் கார்டு வைத்து அவருக்கு நேராகவே எழுதிக் கேட்டிருக்கிறார். அதைத் தபாலில் போட்டது தான்தான் என்று பீஜி சொன்னார்கள். பதிலின் மேலிருந்த டெல்லி முத்திரை, அப்பா அந்த நாலு விரற்கடையைச் சொன்ன போகிக்குப் பத்து நாள் முந்தையது.

ஆக, அப்பா பக்கத்தில் வந்து நின்றபோது கார்டு அண்ணாவின் மடியில், அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. எங்கள் பொய்யைத் தெரிந்துகொண்டேதான் "சரிப்பா" என்றிருக்கிறார். அதற்குப் பிறகும் நாலு வருடம் எங்களோடு இருந்தார். ஒரு நாள், கோபத்தில்கூட, அதைச் சொல்லிக் காட்டவில்லை. இந்தக் கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்ட பீஜிக்கு. கடைசி மாதங்களில் முறை வைத்து விசிறிய டியூஷன் பிள்ளைகளுக்கு. கதவைக் கழற்றிய அத்தைக்கு. ஒவ்வொரு முறையும் சென்ட்ரலில் நாற்காலியைப் பத்திரமாக இறக்கித் தந்த, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத போர்ட்டர்களுக்கு. அண்ணாவைத் தோளில் சுமந்து வழியனுப்பிய என் கணவருக்கு.

கடைசியாக, நாங்கள் முகம்கூடப் பார்த்திராத அந்தக் கணக்கப்பிள்ளைக்கு. கார்டில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இரட்டைக் கதவு. தங்கள் நாற்காலி தாராளமாக வரும். படி இரண்டே. தூக்கிவிட ஆட்கள் உண்டு. தங்கை கல்யாணத்துக்கு அவசியம் வரவும்."

அண்ணாவை அந்தக் கல்யாணத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.