தெற்குத் தெருவில் சொட்டுப் போட்டவள்

ஏழாம் வகுப்பில் படிக்கும்போது அப்பாவின் வேலைக்கு என் கையாலேயே உலை வைக்க இருந்தேன். அதற்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி வேறு கொடுத்திருந்தார்கள்.

எங்கள் ஊர் திருமயத்துக்குத் தெற்கே, பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். மோட்டார் போடுவது, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பது, தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது எல்லாம் அவர்தான். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனாலும் எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான். அந்த வேலையைக் கேட்டுத் தலைவர் வீட்டுக்கு நடையாய் நடக்கிறவர்களும் ஊரில் இருந்தார்கள்.

அந்த ஐப்பசி மழைக்குப் பின்னால் தெற்குத் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. எங்கள் அறிவியல் டீச்சர் அந்த வருடம்தான் வந்திருந்தார். திருச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். "பாடத்துல படிச்சது போதும், ஊர்ல போய்ப் பாப்போம்" என்று தண்ணீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சொட்டு மருந்து விட வேண்டும். பவுடர் கலந்த தண்ணீர் என்றால் மஞ்சளாக மாறும். கலக்காத தண்ணீர் அப்படியே இருக்கும். வகுப்பிலேயே ஒரு வாளியில் துளிப் பவுடர் கரைத்துச் செய்து காட்டினார். பளிச்சென்று மஞ்சள். வகுப்பே "ஓ!" என்று கத்தியது.

சொட்டு விடும் வேலை எனக்கு. கை ஆடாது என்று டீச்சர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். வந்த முடிவைக் கிராம சபைக் கூட்டத்தில் நாங்களே வாசிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே தண்ணீர் விடுகிறவர் மகள் நான். என்னைவிட இதற்கு யார் பொருத்தம்?

தெற்குத் தெருவுக்கு வரிசையாகப் போனோம். முதல் வீட்டில் டீச்சர், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். டீச்சரே வாசலுக்கு வந்து நிற்கிறார் என்று அந்த அக்காவுக்குப் படபடப்பு. செம்பை ஒருமுறைக்கு இருமுறை கழுவி, உள்ளே போய் நிறைத்துக் கொண்டுவந்து நீட்டியது. நான் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. அடுத்த வீடு. மாறவில்லை. அதற்கடுத்த வீடு. ம்ஹூம். பையன்களுக்கு ஒரே குஷி. "டீச்சர், இங்கயும் வெள்ளை!" என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதைப் போல முன்னால் ஓடி ஓடிக் கத்தினார்கள்.

தெருக்கோடிக்கு வந்தபோது என் பக்கத்து பெஞ்சுக்காரி மெல்லக் கேட்டாள்.

"அப்ப ஒங்கப்பா பவுடரே போடலையாடீ?"

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். சுட்டது. "வாயை மூடுடி" என்றேன். ஆனால் எங்கள் வீட்டு மூலையில் ஒரு பவுடர் மூட்டை கட்டுப் பிரிக்காமல் கிடந்தது எனக்குத் தெரியும். காலையில்கூட அதில் கால் இடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் கிளம்பியிருந்தேன்.

நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டது.

"வாடி, வா! பள்ளிக்கூடத்துல எழுத்துச் சொல்லிக் குடுக்கச் சொன்னா, அப்பன் சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்லிக் குடுக்குறாகளா?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைவர் போன் செய்திருக்கிறார். நாளைக்குச் சபையில் ஊரே கேட்கும், பதில் சொல்லத் தயாராக வா என்று சொல்லியிருக்கிறார். "இனிமே என்னால ஒன்னயத் தாங்க முடியாதுப்பா" என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

நான் அப்பாவின் எதிரே போய் நின்றேன். "பவுடர் போட்டீங்களாப்பா?"

"போட்டேன்" என்றார். அவ்வளவுதான். அவருக்கு எப்போதும் ஒரு சொல்லுக்கு மேல் வராது. ஊரில் எல்லா அப்பாவும் கத்துகிறார்கள், இவர் மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? என் பார்வை வீட்டு மூலையில் கிடந்த மூட்டைக்குப் போனது. அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. மோருக்குக் கை நீட்டினார்.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எந்தச் சபைக்கும் சேராத கூட்டம் அன்றைக்குச் சேர்ந்திருந்தது. நாங்கள் ஒரு ஓரமாகச் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்து பெஞ்சுக்காரி கணீரென்று வாசித்தாள். தெற்குத் தெருவில் சோதித்த எந்த வீட்டுத் தண்ணீரிலும் மருந்து இல்லை. வாசித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போல இருந்தது.

முதல் வீட்டு அக்கா எழுந்தது. அதன் சின்னப் பிள்ளை அப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தான்.

"வாங்குற சம்பளத்துக்கு ஒரு கை பவுடர் அள்ளிப் போட ஒங்களுக்கு நோவுதா? எம்புள்ள கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போய்க் கெடக்கே!"

அப்பா நின்ற இடத்திலேயே, "போட்டேன் தாயி" என்றார்.

"என்னத்தைப் போட்டீங்க? டீச்சர் வாசலுக்கு வந்து நிக்கிறாகளேன்னு, குழாத் தண்ணியவா குடுக்குறதுன்னு, ஊருணித் தண்ணிய மோந்து குடுத்தேன். அந்த நல்ல தண்ணியிலயே மருந்து இல்லைன்னா, நீங்க விடுற குழாத் தண்ணி என்ன லட்சணத்துல இருக்கும்?"

கூட்டம் "அதானே!" என்றது.  எனக்குக் காது சுட்டது.

"அக்கா, அது ஊருணித் தண்ணியா?" என்று பந்தல் அதிரக் கத்தினேன்.

"பின்னே? வீடு தேடி வந்தவகளுக்கு நாத்தம் புடிச்ச தண்ணியவா குடுப்பாக?"

"நானும் அதைத்தான் குடுத்தேன்" என்றது இன்னொரு குரல். "பருப்பு வேகுறதே அதுலதானே" என்றது மற்றொன்று. தெருவே சொன்னது. எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் குளிக்க, பாத்திரம் கழுவ. குடிக்க என்றால் ஊருணிக் குளம்தான். எங்கள் வீட்டுப் பானையிலும் அதேதான். அது எல்லோருக்கும் தெரியும், திருச்சியிலிருந்து வந்த டீச்சரைத் தவிர. சொட்டு விடும்போது எனக்கும் அது உறைக்கவில்லை. அவர் தண்ணீர் என்று கேட்டார். மரியாதைக்கு ஊர் தன்னிடம் இருந்த நல்ல தண்ணீரைக் கொடுத்தது. அந்த ஊருணியில்தான் அந்த மழைக்கு மேட்டுச் சாக்கடையெல்லாம் வந்து இறங்கியிருந்தது.

டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. தலைவர் மட்டும் விடவில்லை. "சரி, ஊருணியில இல்ல. அங்க யாரும் போட்டதும் இல்ல. குழாயில இருக்கா? அதைச் சொல்லுங்க."

ஆபீஸ் பக்கத்திலேயே தெருக்குழாய் இருந்தது. கூட்டம் முழுக்க எழுந்து அங்கே நகர்ந்தது. டீச்சர் பெட்டியைத் திறந்தபோது யாரோ, "ஆபரேட்டர் மக போடக் கூடாது" என்றார்கள். அந்த அக்கா, "இல்ல, அவளே போடட்டும். நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்" என்றது.

கண்ணாடிக் குழாய் என் கையில்.  ஊரே என்னை நெருக்கி நின்றது. எனக்கு வீட்டு மூலையில் கிடந்த மூட்டைதான் கண்ணுக்குள் நின்றது. அப்பா போடவில்லை என்றால்? இதோ, இத்தனை பேர் முன்னால், என் கையால்?

"டீச்சர்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நாளைக்குப் பாப்பமா டீச்சர்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "புள்ளைக்கே தெரிஞ்சுபோச்சப்பா!"

அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். இத்தனை நேரம் யார் என்ன பேசியும் மாறாத முகம் அது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தெருக்குழாயைத் திறந்தார்.

"புடி ஆத்தா" என்றார்.

பிடித்தேன். சொட்டு விட்டேன். முதல் சொட்டிலேயே மஞ்சள் கிளம்பி அடிவரை இறங்கியது. வகுப்பில் பார்த்ததைவிடப் பளிச்சென்ற மஞ்சள். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதது. பையன்கள் குதித்தார்கள். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருணித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று மைக்கில் ஆரம்பித்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா இல்லை. வடக்குத் தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரம் ஆகிவிட்டது என்று கிளம்பியிருந்தார்.

சாயங்காலம் அம்மாதான் சொன்னது. மூலையில் கிடந்தது புது மூட்டை. பிரித்த மூட்டை தொட்டியடி ரூமில் இருக்கிறது. மூட்டையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 

மறுநாள் காலையில் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு டம்ளரோடு வந்து நின்றார். குழாய்த் தண்ணீர். எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைக்காத தண்ணீர்.

"பாத்துக்க" என்றார்.

"எதுக்குப்பா? அதான் நேத்தே பாத்தாச்சே."

"நேத்து ஊருக்குப் பாத்த. இன்னைக்கி ஒனக்குப் பாத்துக்க."

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. சொட்டு மருந்து டீச்சரிடம் இருந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை. டம்ளரை வாங்கினேன். கிட்டே கொண்டுபோகும்போதே பவுடர் நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது, நெடியால் மட்டும் இல்லை. வாயை எடுக்காமல் முழுவதையும் குடித்தேன்.

அவர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மோட்டார் போடப் போனார்.