நான் கப்பலேற்றிய மாலுமி

அந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டேன்.

எழுதியவன் என்னுடைய பழைய மாணவன். இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறான். ஆபிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட அந்தப் போர்த்துக்கேயக் கப்பல் தலைவனைப் பற்றி யார் யார் என்னென்ன எழுதினார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று ஆராய்கிற புத்தகம். பேராசிரியர் பதவிக்கு அவன் இதைத்தான் நம்பியிருந்தான். வெளியீட்டு விழாவில் ஆய்வுரை நான்தான் செய்யவேண்டும் என்று அச்சுவேலியில் என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தபோது, பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொடக்கமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆபிரிக்கக் கரையில் கப்பலில் ஏறி இந்தியக் கரைவரை வழிகாட்டிய மாலுமி யார் என்பதில் அறிஞர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். ஒருவர் அராபியன் என்கிறார், மற்றவர் குசராத்தி என்கிறார். ஒரு பெரிய பெயரை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் அந்த மாலுமி அவன் இல்லை என்று தெரியவந்தது. இத்தனை பேரையும் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, என் மாணவன் தன் கண்டுபிடிப்பை வைக்கிறான். அந்த மாலுமி எங்கள் வடகரை வல்வெட்டித்துறையான். கொந்தளிப்பில் வாந்தியெடுத்துக் கிடந்த தலைவனுக்கு, பனையோலையில் பின்னிய தன் சின்னக் குட்டானிலிருந்து பனங்கட்டி எடுத்துக் கொடுத்துத் தேற்றியவன். ஆதாரம்: வல்வெட்டித்துறைக் குடும்பம் ஒன்றின் வாய்மொழி மரபு.

ஐயோ, அந்தப் பனங்கட்டி என்னுடையது!

ரியூசன் கொட்டிலில் ஒரு மத்தியானம், அந்தக் கப்பல் தலைவனின் பாடம். வெயிலுக்குப் பிள்ளைகள் எல்லாம் நித்திரை தூங்கி வழிந்தார்கள். மேசையில் என் தேத்தண்ணியும், கடித்துக் குடிக்கப் பனங்கட்டியும் இருந்தன. கண்ணில் பட்டதை வைத்து அந்த நிமிடமே ஒரு கதை கட்டினேன். முன் வாங்கில் இருந்தவர்கள் வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் நாலைந்து பேர். அவர்கள் நிமிர்ந்து இருக்கட்டும் என்று மாலுமியையும் அந்த ஊராக்கினேன். கொட்டிலே விழித்துக்கொண்டது. பிறகு வழக்கம்போல நோட்ஸ் சொன்னேன். பனங்கட்டிக் கதை நோட்ஸில் இல்லை. சோதனைக்கு வராத எதையும் நான் எழுதக் கொடுப்பதில்லை.

உடனே அவனுக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, அந்த மாலுமிக் கதை உனக்கு எங்காலை வந்தது?”

“நீங்கள் வகுப்பிலை சொன்னதுதானே ரீச்சர்! நான் மறக்கேல்லை. வல்வெட்டித்துறைக்குப் போய், பழைய கப்பல்காரர் ஒரு ஐயாவைத் தேடிப் பிடிச்சு, உங்கடை பரம்பரையிலை ஒருத்தர் பனங்கட்டி குடுத்தவராமே எண்டு கேட்டன். ஓம் ஓம் எண்டார்.”

“அட விசரா! நீயே சொல்லிக் குடுத்திட்டு நீயே ஆதாரம் எடுத்தனியோ? அது நான் கட்டின கதையடா!”

அவன் சிரித்தான். “சும்மா பகிடி விடாதேங்கோ ரீச்சர். நீங்கள் வகுப்பிலை பொய் சொல்லுற ஆளோ?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் போனை வைத்துவிட்டான்.

விழா வல்வெட்டித்துறை வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு அந்த ஐயா இருந்தார். குத்துவிளக்குக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், கறுத்துப்போன ஒரு குட்டான். மாலையும் போட்டிருந்தார்கள். மாலுமியின் குட்டானாம். பனையோலை அவ்வளவு காலம் இருக்குமோ என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

“இது நான் வகுப்பிலை கட்டின கதை. பிழை என்ரை. இந்த அத்தியாயத்தை எடுத்துப்போடுங்கோ.”

ஐயா எழும்பினார். “பிள்ளை, என்ரை அப்புவும் எனக்குச் சொன்னவர். அவரும் உங்களிட்டை ரியூசனுக்கு வந்தவரோ?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவர் முகத்தில் பொய் இல்லை. உண்மையாகவே தன் அப்பு சொன்னது நினைவில் இருக்கிற மனிதராகத்தான் நின்றார்.

என் மாணவன் ஒலிவாங்கியை மெதுவாக வாங்கினான்.

“ரீச்சரின்ரை மறுப்பை அடுத்த பதிப்பிலை அடிக்குறிப்பாப் போடுறன். ஆனால் ரீச்சர், நீங்கள்தான் இதைக் கட்டினது எண்டதுக்கு எழுத்திலை ஏதும் ஆதாரம் இருக்கோ?”

கேலியாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான். ஆதாரம் இல்லாமல் வாய் திறக்காதே என்று அவனுடைய காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். என்னிடம் என்ன இருக்கிறது? நோட்ஸில் இல்லை. எங்கேயும் இல்லை. இறங்கிவந்து கதிரையில் இருந்தேன்.

கைதட்டல் முடிந்து தேத்தண்ணி வந்தது. பரிமாறிய பெண் ஒரு பனங்கட்டித் துண்டை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“கடியுங்கோ ரீச்சர். எங்கடை மாலுமி குடுத்ததெல்லோ.”