வலைமேல் உறங்கிய பிள்ளை

கோட்டைக்குப்பத்தில் தனக்கோடிக்கு அழுத்தக்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களில் ஒருவராவது அவள் குடிசையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்ததில்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கொடி யாருடையதாக இருந்தால் என்ன, குப்பத்துக்குச் சோறு போட்டது கடல்தான். ஏரிக்கு அக்கரையில், தாயும் தகப்பனும் இல்லாமல், சித்தப்பன் வீட்டில் மிச்சம் மீதியைத் தின்று வளர்ந்தவள் தனக்கோடி. எல்லப்பனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். எல்லப்பன் வாய் திறந்தால் மழை கொட்டும் என்று கேலி செய்வார்கள், அவ்வளவு சாது. அவனுக்கும் அவன் அண்ணன் தருமனுக்கும் சேர்த்து ஒரே கட்டுமரம், ஒரே வலை, ஒரே அடுப்பு.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து ஒரு பெண் பிறந்தது. அங்காளம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பிறந்தபோதே அதன் பாதங்கள் இரண்டும் உள்ளுக்கு மடங்கி, உள்ளங்கால் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. பார்க்க வந்தவர்கள் "மகாலட்சுமியாட்டம் இருக்குது" என்று ஆரம்பித்துவிட்டு, துணியை விலக்கியதும் பேச்சை மாற்றினார்கள். மீன்பிடிக்கிறவன் வீட்டுப் பெண்ணுக்குக் கால்தான் சொத்து. கூடையைத் தலையில் ஏற்றி, மணலிலும் சேற்றிலும் நடந்து, நெல் விளையும் ஊர்களில் மீனைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும். நடக்க முடியாதவளை எவன் கட்டுவான்? அவளுக்கு எந்த வீட்டில் மனதோடு சோறு போடுவார்கள்? அடுத்தவர் வீட்டுச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும் என்று தனக்கோடிக்கு நன்றாகத் தெரியும்.

பழவேற்காட்டில் தெய்வசிகாமணி என்று ஒரு வைத்தியர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கோட்டையில் ஓர் ஒல்லாந்தன் பிள்ளைக்கு இதே குறை இருந்து, கப்பல் வைத்தியன் ஒருவன் அதைச் சரிசெய்தபோது பக்கத்தில் நின்று காலைப் பிடித்துக்கொண்டவர் அவர். அங்காளம்மாளின் பாதங்களை நீவி நீவிக் கொஞ்சம் திருப்பி, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் தடவிய துணியால் இறுகச் சுற்றினார். சில நாள் விட்டு அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி சுற்றினார். பாதங்கள் நேருக்கு வந்த பிறகு பலகை ஏறியது. பாதம் வைக்க இரண்டு சின்னப் பூவரசம் பலகைகள், அவற்றை அகட்டிப் பிடிக்க நடுவே ஒரு குறுக்குச் சட்டம், கட்டுவதற்குத் தோல்வார்.

"முழிச்சினு இருக்கறப்ப அவுத்து வுடு, வெளையாடட்டும்" என்றார் வைத்தியர். "தூங்கறப்ப மட்டும் கட்டாம வுட்டுடாதே. தூங்கறப்பதான் காலு பழைய எடத்துக்கு ஓடும்."

முதல் தடவை தனக்கோடி தோற்றுப்போனாள். பலகையோடு குழந்தை தூங்கவே மாட்டேன் என்றது. கத்திக் கத்திக் குரல் கம்மி, மூச்சு ஏங்கிப்போகும். பொறுக்க மாட்டாமல் வாரை அவிழ்த்துவிடுவாள். இன்றைக்கு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மறுநாளும் அதையே சொல்வாள். ஒருநாள் குளிப்பாட்டும்போது பார்த்தால், பாதங்கள் திரும்பவும் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தன. தலையில் அடித்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எலும்பு இறுகிக்கினே வருது தனக்கோடி. இன்னொரு தபா திருப்பிக் குடுக்கறேன். அதுவும் போச்சுன்னா என்னாண்ட வராதே. அப்பால என்னால ஆவாது."

இரண்டாம் முறை கட்டெல்லாம் முடிந்து பலகை ஏறியது. இனிமேல் தூக்கத்தில் வாரை அவிழ்ப்பதில்லை என்று தனக்கோடி சாமிமேல் ஆணை வைத்தாள். ஆணை வைத்தது அவள்தானே, குழந்தைக்கு அதைப் பற்றி என்ன கவலை!

தூளியில் போட்டாள். அந்தக் கரையில் தூளியில் தூங்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. பிள்ளையை வேறெங்காவது தூங்கப் போடலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. துணி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு சட்டத்தின் முனைகளை நெருக்கும், பலகை பாதத்தை நெருக்கும், குழந்தை அலறும். அலறினால் இன்னும் வேகமாக ஆட்டுவாள். தப்பு தூளியில்தான் என்று அவளுக்குப் புரியவே வெகுநாள் பிடித்தது. பாயில் கிடத்தினால் சட்டம் தரையில் இடித்தது, ஒரு காலை அசைத்தால் மறு காலும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது. வைக்கோல் குத்தியது. மணலைக் குவித்து மேலே துணி விரித்துப் பார்த்தாள். மணல் வாருக்குள் புகுந்து குதிகாலைப் புண்ணாக்கிவிட்டது. மடியில் வாகாகப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் கண் அயரும். அவள் தலை சாய்ந்து கை தளர்ந்தால் போதும், மறுபடியும் வீல் என்று ஆரம்பிக்கும்.

ராத்திரி அழுதால் கடல் இரைச்சலில் அமுங்கிப்போகும். ஆண்களும் இருட்டோடு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மத்தியானம்தான் வினை. கடலுக்குப் போய் வந்த குப்பம் தூங்குவதே மத்தியானத்தில்தான். குடிசைக்குக் குடிசை ஓலைத் தடுப்பு, அதில் என்ன சத்தம் நிற்கும்? ஆண்கள் சிவந்த கண்ணோடு எழுந்து வந்து அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் விடியற்காலையில், முகத்துவாரத்தில் மரம் அலையில் ஏறும்போது, தருமன் உட்கார்ந்தபடியே தூங்கித் தண்ணீரில் விழுந்தான். எல்லப்பன் தலைமயிரைப் பிடித்து இழுத்து மேலே போட்டான்.

கரைக்கு வந்ததும் தருமன் நேரே தம்பி குடிசைக்கு வந்தான். தனக்கோடி கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"ஏம்மா, உம் பொண்ணு நடக்கணும்னு எனக்கும்தான் ஆசை. அதுக்கு நான் கடல்ல பூடணுமா? நாலு வூட்டு ஆம்பளைங்க கண்ண மூடி எத்தினி நாளாச்சு தெரியுமா? அந்தக் கட்டையக் கழட்டிப் போடு. இல்லன்னா சத்தம் கேக்காத எடத்துக்குப் புள்ளையத் தூக்கிக்கினு போ."

தனக்கோடி புருஷன் பக்கம் திரும்பினாள். "கழட்ட மாட்டேன்னு சொல்லுய்யா உங்க அண்ணனாண்ட."

எல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். உச்சி வெயில். தோளில் குழந்தை கத்திக்கொண்டே இருந்தது, பலகை அவள் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. இறங்கிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம். நினைத்த மாத்திரத்தில் கரையைவிட்டு ஓடி, குப்பத்தின் கடைசியில் இருந்த வலைக் கொட்டகைக்குள் நுழைந்தாள். கை ஓய்ந்துபோயிற்று. கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில், எதிரே குவிந்து கிடந்த தங்கள் வீட்டு வலைமேல் குழந்தையைக் கிடத்தினாள்.

குழந்தை மெல்ல உள்ளே அமிழ்ந்தது. சட்டம் நூலுக்குள் இறங்கி, நெருக்காமல், இடிக்காமல், இரண்டு காலையும் அகட்டியபடி அப்படியே தாங்கிக்கொண்டது. குழந்தை ஒரு காலை உதைத்தது. வலை நெகிழ்ந்து கொடுத்தது. இரண்டு விக்கல், ஒரு பெருமூச்சு. தூங்கிவிட்டது.

சந்தோஷப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. பெண்பிள்ளை வலையைத் தாண்டக் கூடாது, வலைமேல் கால் படக் கூடாது. பட்டால் மீன் விலகிப்போகும். இது கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்தது, அவளும் நம்பியதுதான். கால்மாட்டில் குந்தி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். ஆண்கள் எழுந்திருக்குமுன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாளும் வந்தாள். பிறகு தினமும் வந்தாள். ராத்திரி மடி, மத்தியானம் வலை என்று வழக்கமாயிற்று. குதிகால் புண் ஆறியது. பாதங்கள் நேராகவே நின்றன. குப்பம் நிம்மதியாகத் தூங்கியது. ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பருவமாகப் பார்த்தா மீன்பாடு குறைய வேண்டும்! மற்ற நாலைந்து கட்டுமரங்களுக்கும்தான் மீன் இல்லை. ஆனால் தருமன் ஒருவன்தான், கிழிசலைப் பார்க்கலாம் என்று வழக்கத்துக்கு முன்னால் கொட்டகைக்கு வந்தான். வலைமேல் தம்பி மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே வலை நனைந்திருந்தது.

"இன்னாம்மா பண்ணி வச்சிக்கிறே!" அவன் போட்ட சத்தத்தில் குப்பமே கூடிவிட்டது. "மீனு ஏன் வரலன்னு மண்டைய ஒடச்சிக்கினு இருந்தேன். இங்க இருக்குது காரணம்!"

தனக்கோடி அவன் காலில் விழுந்தாள். கிழிந்தது, இற்றது, எதுவானாலும் ஒரு துண்டு வலை கொடுங்கள் என்று கூடியிருந்தவர்களையும் கும்பிட்டாள். வலையில் ஒரு முழத்தைக்கூட அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதோடு வீட்டு மீனும் போய்விடுமாம். ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறுதல் சொல்ல வந்த ஓரகத்திகூட, "கழட்டிடேன்டி, சனியன் வுட்டுது" என்றுதான் சொன்னாள்.

"நீயே சொல்லுடா" என்று தருமன் தம்பியிடம் திரும்பினான். "கட்டையக் கழட்டச் சொல்றியா, இல்லியா?"

எல்லப்பன் குழந்தையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வலையப் பிரி. என் பங்கக் குடுத்துடு."

பாதி வலையை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது. அது அவனுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பாதியில்லாமல் அண்ணன் பிழைப்பும்தான் நொண்டும். தருமன் இடுப்புக் கத்தியை எடுத்து, தகப்பனோடு உட்கார்ந்து பின்னிய வலையைத் தானே அறுத்தான். அறுத்து முடித்ததும் கத்தியைத் தூர எறிந்துவிட்டு, தம்பியைப் பார்க்காமல் போய்விட்டான். அன்றோடு அடுப்பு இரண்டாயிற்று, பேச்சும் நின்றது.

கட்டுமரத்தை அண்ணனிடமே விட்டுவிட்டு, எல்லப்பன் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் வீச்சுவலை போடப் போனான். கடலுக்குப் போனவன் சேற்றில் இறால் பொறுக்குகிறான் என்று சிரித்தார்கள். குடிசைக்குள் பாதி வலை குவிந்து கிடந்தது. அதன்மேல் பிள்ளை ராத்திரியும் பகலும் தூங்கியது. தனக்கோடிதான் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு கையால் அந்தப் பாதங்களைத் தடவித் தடவிப் பார்ப்பாள். உள்ளே மடங்குகிறதா? மடங்குகிற மாதிரி இருக்கிறதா? இவ்வளவையும் அறுத்து எறிந்துவிட்டு, கடைசியில் இது நடக்காமலே போய்விட்டால்? அவள் அரிசி இல்லாததை மறந்திருக்கிறாள், பசியைக்கூட மறந்திருக்கிறாள். அந்தக் கேள்வியை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

அங்காளம்மாள் மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் எழுந்து நின்றாள். இடது பாதம் கொஞ்சம் உள்ளே பார்த்தது. ஆனால் உள்ளங்கால் முழுக்கத் தரையில் பதிந்தது.

ஒருநாள் காலை தனக்கோடி தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். வெளியே ஓடி வந்தாள். எதிரே மணலில் தருமன், தன் பங்கோடு ஒட்டுப் பின்னிய வலையை விரித்துக் காயப்போட்டு, நடுவே குந்தி கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வலையின் ஓரத்தில் அங்காளம்மாள் நின்றாள். நின்றவள், தட்டுத் தடுமாறி, நேரே வலைமேல் கால் வைத்தாள். ஓடிப் பிடிக்க ஓரம்வரை வந்த தனக்கோடி, தானும் வலையை மிதிக்க வேண்டுமே என்று அங்கேயே தயங்கினாள். கூடை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தருமன் தலை நிமிர்ந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அது எடுத்து வைக்கும் பாதங்களைத்தான் பார்த்தான். ஒன்று, பிறகு மற்றொன்று. அவன் வாய் கோணிக்கொண்டது.

"மெதுவா வா கண்ணு" என்றான். "கண்ணியில காலு மாட்டிக்கப் போவுது."

சொல்லிக்கொண்டே, அவள் அடுத்த அடி வைக்கும் இடத்தில் வலையை இரண்டு கையாலும் இழுத்துப் பரப்பிக் கொடுத்தான்.