இரண்டு மிஷின், இரண்டு கிரைண்டர், ஜெபசீலி அக்கா

பத்தேகால் மணிக்கு அளவைக்கூடத்தின் கதவு திறக்கும். ஜெபசீலி அக்கா வெளியே வந்து, தள்ளுவண்டியில் வரும் கேன்டீன் காபியில் ஒரு கோப்பை எடுப்பார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று மூச்சு. பிறகு ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, இது ஒரு நாளும் மாறியதில்லை.

“மோந்து பாத்துட்டு வெச்சுட்டுப் போறதுக்கு எதுக்கு எடுக்கணும்? வீட்ல பன்னீர்லயா காபி போடுது அந்தம்மா?” என்பார் வண்டி தள்ளும் பாப்பம்மா. நானும் சிரிப்பேன். சீனியர்களைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் சிரித்துவைப்பது நல்லது என்று அப்போது நினைத்திருந்தேன்.

பாகலூர் சாலையில் உள்ள எங்கள் கம்பெனி, வண்டி இன்ஜினுக்கான சின்னச் சின்ன உருளைகளைச் செய்கிறது. அவை சரியான அளவில் இருக்கின்றனவா என்று முடிவு சொல்லும் அறைக்கு அக்காதான் பொறுப்பு. அந்த அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்க வேண்டும்; சூடு கூடினால் இரும்பு நீளும், அளவு தப்பும். அதனால் சித்திரை வெயிலிலும் அக்கா நீலநிற ஸ்வெட்டரில் இருப்பார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிடும். அதைத் துடைக்காமல், அது தானாகத் தெளியும்வரை வாசலில் நிற்பார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

தெற்கே நாசரேத்துக்காரர். ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தம்பிகளுக்கு இவர்தான் செய்துவைத்தார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், கேஜை, அதாவது அளவுக்கருவியைக் கையில் கொடுத்து “இன்னொருக்க அள” என்பார். அளவு சரியாக வரும்வரை அதையேதான் சொல்வார். என் ஊர் கல்லாவியில் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நான் படித்தது நான்கு வருஷம். இந்த ஒரு வாக்கியத்தில்தான் வேலை கற்றேன்.

போன வருஷம் ஒரு மழைநாளில், விடுதிக்குப் போக முடியாமல் நின்ற என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நஞ்சம்மா என்பவரின் வீட்டு மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டி நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பெட்டியில்லை, உருவம். பழைய பார்சல் அட்டைகளை அளந்து வெட்டி, டேப் ஒட்டி, பிடி, குழாய், நீராவி முனை எல்லாம் வைத்துச் செய்தது. பக்கத்தில் இன்னொரு அட்டை உருவம், ஒல்லியாக, தலையில் ஒரு புனலோடு.

“டம்மிதான்ட்டி. பெருசு எஸ்பிரெசோ மிஷின், சின்னது கிரைண்டர்” என்றார். “வாங்குறதுக்கு முன்னால இடம் பத்துதான்னு பாக்கணும்லா. நம்ம லைன்ல புது மிஷின் வைக்கும்போது செய்யல?”

“எப்பக்கா வாங்கப் போறீங்க?”

“பதினாலு மாசமாப் பாத்துட்டிருக்கேன்.”

அந்தப் பதினாலு மாதமும் அட்டை மிஷினைச் சுற்றித்தான் அவர் சமைத்திருக்கிறார். அதன்மேல் தூசி இல்லை. ஈரத் துணியால் துடைத்தால் அட்டை ஊறிவிடும் என்று ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுவாராம். கட்டிலுக்கடியிலிருந்து இன்னொரு ஜோடியை இழுத்துக் காட்டினார். அது சின்ன மிஷின், பெரிய கிரைண்டர். பெரிய மிஷினில் இரண்டு பாயிலர். காபிக்குத் தனி, பாலுக்கான நீராவிக்குத் தனி. சின்னதில் ஒன்றே ஒன்று. பெரிய கிரைண்டர் பொடியின் அளவைப் பிசகாமல் தரும். சின்னது கொஞ்சம் முன்னே பின்னே போகும். பெரிய மிஷினும் பெரிய கிரைண்டரும் சேர்த்து வாங்கினால் என் பத்து மாதச் சம்பளம்.

“எல்லாரும் மிஷினத்தாம் பாப்பாங்க. பொடி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்தா, எந்த மிஷின் வந்தாலும் என்னத்த கிழிக்கும்?” என்றவர், கொஞ்சம் கழித்து வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “இதுல ஒரு கஷ்டம் என்னன்னா, ஒரு ஆளுக்குப் போட்டா சரியா வராது. பதினெட்டு கிராம் போட்டாத்தான் காபி எறங்குற நேரம் சரியா நிக்கும். எப்பவும் ரெண்டு கப்பு வரும்.”

தம்பி வெஸ்லினிடம் இதைச் சொன்னபோது, “கடையா போடப் போற?” என்று கேட்டாராம். கன்னடம் கலந்து பேசும் நஞ்சம்மாவுக்கோ வேறு கவலை. “ஒத்தையாளுக்கு எதுக்கும்மா கிரைண்டரு? மிக்ஸி சாலதா, போதாதா? கரென்ட்டு ஜாஸ்தி இழுக்கும்” என்று படியிலிருந்தே கேட்டுவிட்டுப் போனார். மாவு அரைக்கும் கிரைண்டர் என்று நினைத்திருக்கிறார். அக்கா திருத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அதே வெள்ளைப் புடவையோடு, என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்திப்பள்ளி தாண்டியதும் பையைத் திறந்து காட்டினார். வீட்டுத் தராசு, ஸ்டாப்வாட்ச், அவரே வாங்கிய காபிக்கொட்டை அரைக் கிலோ. தராசில் எங்கள் அளவைக்கூடத்தில் ஒட்டுவதுபோலவே, அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் என்று தேதி எழுதிய பச்சை ஸ்டிக்கர் இருந்தது.

“நீ எதுக்குத் தெரியுமா? குடிச்சுப் பாத்துச் சொல்ல. உன் நாக்கு கெட்டுப்போகாத நாக்கு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எங்கள் வீட்டில் காபி என்றால் வெல்லம் போட்ட வரக்காபி. அதுவும் விருந்தாளி வந்தால்தான்.

கடையில் பாலாஜி என்கிற இளைஞர் இருந்தார். “மேடம், நாலாவது தடவை வர்றீங்க. இன்னிக்கு பில் போட்ருவோமா?” என்றார். அக்கா சிரிக்கவில்லை. இரண்டு மிஷின், இரண்டு கிரைண்டர், மொத்தம் நாலு கூட்டணி. ஒவ்வொன்றிலும் பதினெட்டு கிராம் பொடி. இருபத்தெட்டு விநாடியில் முப்பத்தாறு கிராம் காபி இறங்க வேண்டும். எது எதிலிருந்து வருகிறது என்று தெரியக்கூடாது என்பதற்காக என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்.

முதல் கோப்பை வந்தது.

“எப்படிட்டி இருக்கு?”

“நல்லா இருக்குதுக்கா.”

இரண்டாவதும் நல்லா இருக்குது என்றேன். மூன்றாவதும். நான்காவதைக் குடிக்கும்போது பாலாஜி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சூப்பரா இருக்குதுக்கா” என்றேன். கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். குளிரூட்டிய கடையில், இங்கிலீஷ் பேசுகிறவர்கள் முன்னால், அந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிடுகிறது. கல்லூரியில் புரியாத பாடத்துக்கும் இப்படித்தான் தலையாட்டினேன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைப் படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

“ஒரு தட்டு நிறைய பீஸ் வருது. அம்பதையும் அளந்து அம்பதும் ஒரே மாதிரி ஓகேன்னு எழுதி வைக்கா ஒருத்தி. நான் என்ன சொல்லுவேன்?”

“கேஜ் போச்சுன்னு சொல்வீங்க.”

“கேஜ் போகல. அளக்கலன்னு சொல்லுவேன்.” புடவை முந்தியால் கண்ணாடியைத் துடைத்தார். “கேஜ் போனது எனக்குட்டி. கொரோனா வந்துச்சுல்லா, அப்பமே வாசம் போச்சு. நாலு வருசம் ஆச்சு. கருவாடும் ஒண்ணுதான், மல்லியப்பூவும் ஒண்ணுதான். நாக்குல உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். அவ்வளவுதான். டாக்டர் தெனமும் எதையாவது மோந்து பாருங்க, வந்தாலும் வரும்னார். பாத்துட்டிருக்கேன். மூக்குக்குச் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு.”

பழுதான கருவிக்குத்தான் நாங்கள் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பாப்பம்மாவின் பேச்சுக்கு நான் சிரித்த சிரிப்பெல்லாம் அந்தப் படியில் எனக்கு ஞாபகம் வந்தது.

“யார்கிட்டயும் சொல்லலயாக்கா?”

“யாருட்ட?” என்றார். நிஜமாகவே கேட்டதுபோல, என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். “அப்ப இவ்ளோ காசு போட்டு மிஷின் எதுக்குக்கா?”

“என்னைக்காவது ஒரு நாள் வாசம் திரும்பி வரும்லா. அது வார அன்னைக்கு வீட்ல நல்ல காபி இருக்கணும்.”

உள்ளே திரும்பிப் போனோம். “மறுபடியுமா மேடம்?” என்றார் பாலாஜி.

“மறுபடியும்தான். ஒருக்க அளந்தா அது அளவா தம்பி?”

இம்முறை கோப்பைகளின் வரிசையை மாற்றித் தந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாவது, எங்கம்மா அடுப்பை மறந்த அன்று அடிப்பிடித்த ராகிக்களி. “அப்படியே சொல்லு” என்றார் அக்கா, சொன்னேன், எழுதிக்கொண்டார். இரண்டாவது, பழுக்காத நாவல், நாக்கைப் பிடித்து இழுத்தது. மூன்றாவதில் முதலில் ஒன்றுமில்லை. விழுங்கிய பிறகு, கரும்பாலையில் கொப்பரைப் பக்கம் போனால் வருமே, அந்த வெல்ல வாசனை மெல்ல வந்தது. நான்காவதிலும் அது இருந்தது, ஆனால் தூரத்தில்.

“மூணாவது” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மூன்றாவது, சின்ன மிஷினும் பெரிய கிரைண்டரும். பாலாஜியின் முகம் வாடியது. அக்காவும் கொஞ்ச நேரம் பெரிய மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதமும் அவர் சமையல் மேடையில் நின்றது அதன் உருவம். அதன் பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, “அளந்தது அளந்ததுதான். பில்லு போடுங்க” என்றார். என் நாக்கை நம்பி அதுவரை யாரும் இவ்வளவு பெரிய காரியம் செய்ததில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், நான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று ஓசூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மிஷின் வந்த அன்று, இடம் ஒழிக்க நானும் போயிருந்தேன். மேல் அலமாரியின் பின்வரிசையிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்றை இறக்கினேன். மூடியில் ‘க. சரஸ்வதி’ என்று வெட்டியிருந்தது.

“யாரோடதுக்கா?”

எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்களுடையது. கொரோனாவில் அக்கா தனியாகக் கிடந்த பதினேழு நாளும், சரஸ்வதி இந்தக் கேரியரைப் படியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். அதற்கு முன்னால் இருவரும் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது. கடைசி நாள் கேரியர் இங்கேயே தங்கிவிட்டது. அப்புறம் அவர்கள் தொரப்பள்ளியில் சொந்தவீடு கட்டிப் போய்விட்டார்கள்.

“வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுக்கலாமாட்டி? ஏதாச்சும் வெச்சில்லா குடுக்கணும். நான் சமைச்சது கெட்டுப்போச்சா, தீய்ஞ்சு போச்சான்னு எனக்கே தெரியாது. அத எப்படி இன்னொரு வீட்டுக்கு அனுப்ப? அப்படியே ஒவ்வொரு நாளாத் தள்ளிப் போச்சு. சந்தையில ரெண்டு மூணு தடவ பாத்தேன். அவங்க சிரிச்சாங்க. நான்தான் வேற பக்கம் திரும்பிட்டேன்.”

“அவங்க வீட்ல காபி குடிப்பாங்களா?”

“ஃபில்டர் காபி. அந்த வாசம்தான் நான் கடைசியா மோந்தது, தெரு தாண்டி வரும்.”

“அப்ப காபிப்பொடி அரைச்சு வெச்சுக் குடுங்கக்கா. நல்லா இருக்குதா இல்லயான்னு நான் சொல்றன். நெசமாச் சொல்றன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அளவு தப்பாத பீஸைப் பார்க்கும் பார்வை அது.

இதை எழுதும்போது மிஷின் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஞாயிறு காலையில் நான் போகிறேன். இரண்டு கோப்பை வருகிறது, ஒன்று எனக்கு. கசந்தால் கசக்குது என்கிறேன். “எவ்வளவு கசக்கு? நேத்தையவிடவா?” என்பார், கிரைண்டரின் டயலை மயிரிழை நகர்த்துவார். நஞ்சம்மா ஒருநாள் வந்து குடித்துப் பார்த்து, “ஐயோ தேவரே, கஷாயா!” என்று சர்க்கரை கேட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

சரஸ்வதிக்கான வேலை அதற்குப் பிறகு. எஸ்பிரெசோவுக்காகப் பாடுபட்டுப் பிடித்துவைத்த டயலை ஃபில்டர் பொடிக்குத் திருப்புவார். ஒருமுறை திருப்பினால் பழைய இடத்துக்குக் கொண்டுவர நாலைந்து காபி வீணாகும். ஆனாலும் திருப்புவார். கால் கிலோ அரைத்து, அதில் கொஞ்சம் ஃபில்டரில் போட்டு என்னிடம் தருவார். நன்றாக இருக்குது என்பேன். நிஜமாகவே நன்றாக இருக்கும். மீதியைக் கேரியரின் மூன்று அடுக்கிலும் நிரப்புவார். தொரப்பள்ளிக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்தான்.

ஒரு வாரம் ஆடிட் என்றார். ஒரு வாரம் மழை. இன்னொரு வாரம், “ஞாயித்துக்கெழம அவங்க வீட்ல ஆளு இருப்பாங்களோ என்னவோ” என்றார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “வரலாம், வரலாம்” என்றார்.

போன ஞாயிறு நான் போனபோது, பச்சைக் கரை வைத்த புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் கேரியர். பதினொரு மணி தொரப்பள்ளி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிறகு பன்னிரண்டு மணி பஸ்ஸுடையதும். அக்கா எழுந்து கேரியரைத் திறந்தார்.

“அரைச்சு ஒரு வாரமாச்சு. பழசக் குடுக்கக் கூடாதுல்லா” என்றார்.

மூன்று அடுக்கிலும் இருந்த பொடியைக் கொட்டினார். அடுக்குகளைக் கழுவித் துடைத்தார். டயலைத் திருப்பிப் புதிதாக அரைத்து, தராசில் நிறுத்து, மறுபடி நிரப்பினார். கொக்கியை மாட்டி, ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, கைப்பிடி வாசல் பக்கம் இருக்கும்படி மேசையிலேயே வைத்தார்.