பெயிண்டில் கை படாமல்

போன வருஷம், தைப்பூசக் கூட்டம் கலைந்து தண்ணீர்மலைக் கோயில் பக்கம் சாலைகள் மறுபடியும் காலியாகத் தெரிய ஆரம்பித்திருந்த சமயம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில், நல்ல வெயில் நேரத்தில் நடந்தது இது.

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. என்ன கார் என்று சொல்ல மாட்டேன். பினாங்கில் அந்த மாடலை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும். தெரியக்கூடாது என்று நினைக்கும் அளவுக்கு இன்னும் வெட்கம் இருக்கிறது.

கெப்பாலா பத்தாஸில் ஒரு வீட்டுக் கொல்லையில், கோழிகள் உள்ளே முட்டையிடும் நிலையில் கிடந்த வண்டி அது. வாங்கி வந்து, ஃபாக்டரி வேலை முடிந்த மாலைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் பல வருஷம் அதற்கே கொடுத்தேன். கரும்பச்சை நிறம். பெயிண்ட் மனதுக்குப் பிடிக்காமல் சுரண்டிவிட்டு மறுபடியும் அடிக்க வைத்தேன். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. எனக்கு முதுகு வலி என்று படுத்தால்கூட, "காருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் என் மனைவி கேட்பாள்.

பழைய பினாங்கின் தெரு வாழ்க்கையைப் பற்றி ஒரு மியூசியத்தில் கண்காட்சி வைக்கப்போகிறோம், உங்கள் காரைக் கொஞ்ச காலத்துக்குத் தர முடியுமா என்று கேட்டு ஃபோன் வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வண்டியை ஏற்றி வர லாரி அனுப்புகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். ஓடாத வண்டியைத்தான் லாரியில் ஏற்றுவார்கள், என் வண்டி ஓடும், நானே ஓட்டி வருகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அன்றைக்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். மியூசியத்தில் படம் எடுப்பார்கள் என்று என் மனைவி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நேராகப் போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் போகவில்லை. கடலோர எஸ்பிளனேட் பக்கம் ஒரு சுற்று, லிட்டில் இந்தியாவில் ஒரு சுற்று. சுற்றுலா வந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கடைவாசலில் நின்றவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். நான் ஏதோ தேரில் போகிறவன் மாதிரி மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன்.

"போதும்ங்க, வெயில் ஏறுது. நேரா மியூசியத்துக்குப் போங்க."

"இன்னும் ஒரே ஒரு சுத்து," என்றேன்.

அந்தச் சுற்றில்தான் அந்தச் சந்துக்குள் திரும்பினேன். ஒருவழிப் பாதை. இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்து, நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். பாதி தூரம் போனதும் என்ஜின் இருமியது, நின்றுவிட்டது. வெயிலில் மெதுவாக ஊர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லைதான். கொஞ்சம் ஆறவிட்டால் தானாகக் கிளம்பிவிடும். நான் இறங்கி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு நின்றேன்.

அப்போது பின்னால் சைரன் கேட்டது. அந்தச் சந்திலேயே ஒரு வீட்டு ஓரமாக ஒதுங்கி நின்றிருந்த ஆம்புலன்ஸ், நோயாளியை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது. நேராக என் காருக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்குப் பின்னால் அதற்குள் நாலைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. பின்னால் போக வழியில்லை. முன்னால் நான்.

எதிரே இரும்புக் கடையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்த ஒரு தமிழர் ஓடி வந்தார். அவரோடு இன்னும் சிலர். சீனர், மலாய்க்காரர், யார் யாரோ.

"அண்ணே, பானெட்டை மூடிட்டு நியூட்ரல் போடுங்க. கடை முன்னாடி இடம் இருக்கு, தள்ளி விட்டுடலாம்."

அவர் இரண்டு கைகளையும் காரின் பின்புறத்தில் வைக்கப் போனார். கையெல்லாம் துரு. நான் கத்தினேன்.

"பாடியில கை வைக்காதீங்க! மியூசியத்துக்குப் போற வண்டி. ரெண்டு நிமிஷம் லா, ஸ்டார்ட் ஆயிடும்!"

அவர் கையை எடுத்துவிட்டார். நான் பானெட்டை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். கிளம்பவில்லை. மறுபடியும் திருகினேன். சைரன் காதைக் கிழித்தது. ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி வந்த ஊழியர் மலாய் மொழியில், நோயாளி ரொம்ப மோசமாக இருக்கிறார், தயவுசெய்து வண்டியை நகர்த்துங்கள் என்று கெஞ்சினார். அவருக்குப் பின்னாலேயே ஓர் இளம்பெண் ஓடி வந்தாள். வீட்டு உடுப்பு, காலில் செருப்பு இல்லை.

"அங்கிள், எங்க அப்பா உள்ள இருக்காரு. மூச்சு விட முடியல. தயவு செஞ்சு நகத்துங்க அங்கிள்!"

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

"சரிம்மா, சரி, தள்ளட்டும். ஆனா பெயிண்ட்ல கை படாம, ஜன்னல் ஓரமா பிடிச்சுத் தள்ளச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். அதற்குள் என் மனைவி கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். பட்டுப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் போய் இரண்டு கைகளையும் அப்படியே பச்சைப் பெயிண்டில் ஊன்றினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தள்ளுங்க எல்லாரும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் பாய்ந்து வந்து கை வைத்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வண்டி கடை வாசலுக்குள் வளைந்தபோது, அங்கே அடுக்கியிருந்த இரும்புக் குழாய்களில் உரசிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் பல்லைக் கூச வைத்தது.

ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. என் மனைவி அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கதவிலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு வெள்ளைக் கோடு.

"சோரி லா அண்ணே, இரும்பு இடிச்சிடுச்சு," என்றார் அந்த இரும்புக் கடைக்காரர். ஒருத்தர் உயிருக்காக ஓடி வந்து தள்ளிய மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கக் கூடாதா? "பாத்துத் தள்ளியிருக்கலாமே," என்றேன்.

வண்டி ஆறியதும் கிளம்பியது. மியூசியம் போய்ச் சேரும்வரை என் மனைவி ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அங்கே இருந்த அதிகாரி ஒரு சீனப் பெண், ரொம்ப மரியாதையானவர். கீறலைப் பார்த்து அவருக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. இந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். நான் உடனே தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சமையல்கட்டுக்குப் போகவில்லை. கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மனுஷனுக்கு என்னாச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது. போய்க் கேட்டுட்டு வாங்க."

"நீயும் வா, போகலாம்."

"நான் வந்தா நீங்க என் பின்னாடி நின்னுக்குவீங்க. நீங்களே போங்க."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளி பெயர் என்ன என்று கேட்டார்கள். தெரியவில்லை. நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். உறவில்லை என்றேன். வெளியே வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அப்போது அந்தப் பெண்ணே கேன்டீனிலிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு வந்தாள். யாரோ கொடுத்த, காலுக்குப் பெரிதான செருப்பைப் போட்டிருந்தாள். என்னைக் கடந்து போகப் பார்த்தவளை நிறுத்தி, "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றேன்.

தெரிந்தவர் யாரோ என்று நினைத்திருப்பாள். கலக்கத்தில் என் முகம் அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஹார்ட் அட்டாக் அங்கிள். ஐசியூல வச்சிருக்காங்க. இன்னும் ஒன்னும் சொல்ல முடியாதுங்கிறாங்க. வழியில வேற ஒரு பழைய கார் மாட்டிக்கிச்சு..."

அவள் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். "அந்தக் கார்க்காரன் நான்தாம்மா."

அவள் கண்கள் என் முகத்தில் நிலைத்தன. திட்டுவாள், அழுவாள், ஆட்களைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"பெயிண்டுக்கு ஒன்னும் ஆகலையே, அங்கிள்?" என்றாள்.

குத்திக் காட்டக் கேட்டாளா, களைப்பில் வாய்க்கு வந்ததைக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரலில் கோபமே இல்லை. கீறல் விழுந்துவிட்டது என்று சொன்னால் அது புகார் மாதிரி இருக்கும். "இல்லம்மா, ஒன்னும் ஆகல," என்று பொய் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டாள்.

கண்காட்சித் திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் காரைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "ஒரு கீறல்கூட இல்ல லா, புதுசு மாதிரியே வச்சிருக்கீங்க," என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்தேன். என் மனைவி அந்த விழாவுக்கு வரவில்லை.

அவள் அதற்குள் வேறு ஒரு காரியம் செய்திருந்தாள். அந்தச் சந்துக்கே போய், இரும்புக் கடையில் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த மனிதர் பிழைத்துவிட்டார், வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அவள் வந்து சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பழங்களோடு இருவரும் போனோம். நேரில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். ஒரு கணம் நின்றாள். பிறகு, "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி," என்றாள்.

அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடம்பு வற்றி, நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மகள் அவரிடம் சொன்னாள்: "அப்பா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில வந்து உங்களை விசாரிச்ச அங்கிள்னு சொன்னேன்ல, இவங்கதான்."

அவர் எழுந்திருக்க முயன்றார். நான் ஓடிப்போய் உட்கார வைத்தேன். என் கையை விடவே இல்லை.

"முன்ன பின்ன தெரியாத மனுஷனுக்காக ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தீங்களாமே. சொந்தக்காரங்களே ஃபோன்ல கேட்டுட்டு விட்டுட்டாங்க. ரொம்ப நன்றிங்க."

"ஐயா, நான் உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள்," என்றாள் அந்தப் பெண், தேநீர்த் தட்டை நீட்டியபடி. "அப்பாவுக்கு மனசு கலங்குற மாதிரி எதுவும் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. டீ குடிங்க."

குடித்தேன். அவர் துறைமுகத்தில் தான் ஏற்றி இறக்கிய கப்பல்களைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்து இன்னொரு முறை நன்றி சொன்னார். அந்தப் பெண் அவர் தோளைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரைப் பாதுகாக்கத்தான் அப்படிச் சொன்னாளா, என்னையும் சேர்த்தே காப்பாற்றினாளா, தெரியவில்லை.

கண்காட்சி முடிந்ததும் கார் லாரியில் வீட்டுக்கு வந்தது. அந்தக் கீறலை ஒரு பாடமாக அப்படியே வைத்திருக்கிறேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நான் அதைச் சரிசெய்துவிட்டேன். இப்போது தடவிப் பார்த்தாலும் இடம் தெரியாது. இரும்புக் கடைக்காரரை மட்டும் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நான் அன்று சொன்ன வார்த்தையே மறந்து போயிருந்தது, "அதனால என்ன லா அண்ணே," என்று சிரித்தார். அவரிடம் கேட்க முடிந்தது. கேட்க வேண்டிய மனிதரிடம் கேட்க முடியாமல், அவர் வாயாலேயே நன்றியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.