வேண்டாம் என்று சொன்ன நாற்காலி

ரோஸ்வித்தா ஹெல்விக் பத்தொன்பது வருடமாக ஒரே கட்டடத்துக்குப் போய்வந்தாள். அந்தக் கட்டடம் ஒரு நாளும் அவளுக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டின் விண்கலக் கட்டுப்பாட்டு நிலையத்தில் அதுதான் நடைமுறை. கலங்கள் விண்வெளி ஏஜென்சியுடையவை, கட்டடம் ஏஜென்சியுடையது, காபி இயந்திரம்கூட ஏஜென்சியுடையது. கலத்தை ஓட்டுகிற பொறியாளர்களை மட்டும் வெளிக் கம்பெனிகள் அனுப்பிவைக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் வரும். ஜெயித்த கம்பெனி, தோற்ற கம்பெனியின் ஆட்களையே வளைத்துப் போட்டு அதே நாற்காலியில் உட்கார வைக்கும். இதற்குச் சட்டை மாற்றுவது என்று பெயர். ரோஸ்வித்தா மூன்று முறை சட்டை மாற்றியிருந்தாள். ஒரு முறைகூட மேசை இழுப்பறையைக் காலி செய்ததில்லை.

அவள் ஓட்டிய கலம் அரியெட்டா. ஒன்பது வருடமாக ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அது கிளம்பிய அன்றிலிருந்து அதன் இயக்கப் பொறியாளர் நாற்காலியில் இருந்தது ரோஸ்வித்தாதான். அரியெட்டாவுக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்குச் சாப்பாடு இறங்காது. கலியாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாத ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. கேட்டால், எனக்குத்தான் ஒருத்தி இருக்கிறாளே, முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள், அதனால் சண்டையும் இல்லை என்பாள். அந்த நவம்பரில் அரியெட்டா போய்ச் சேர வேண்டும். அந்த நாளில் அந்த நாற்காலியில் தான் இருக்க வேண்டும். ரோஸ்வித்தாவுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய கோரிக்கை எதுவும் இல்லை.

டெண்டர் அந்த வருடம் மார்ச்சில் வந்தது, வேளை கெட்ட வேளையில்.

டெண்டர் காலத்தில் அந்த வராந்தாக்களில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. போட்டிக் கம்பெனிகள் ஒவ்வொருவரையும் ரகசியமாகக் கூப்பிடும். நாங்கள் ஜெயித்தால் வருகிறீர்களா, உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கும். எல்லாரும் எல்லாருக்கும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கமுக்கமாக இருப்பார்கள். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று எதிர் மேசைக்காரனிடம்கூட மூச்சு விடக் கூடாது. கைபேசி அடித்தால் ஆள் எழுந்து சைக்கிள் கொட்டகைப் பக்கம் போய்ப் பேசும். மற்றவர்கள் ஜன்னல் வழியே பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள்.

ரோஸ்வித்தாவையும் கூப்பிட்டார்கள். மிலானில் இருந்த ஒரு கம்பெனி; பேசியவள் டோனதெல்லா. அரியெட்டாவின் நாற்காலிக்கு உங்களைத்தான் முதலில் கேட்கிறோம் என்றாள். ரோஸ்வித்தா ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அந்த ஒரு நாளில்தான் செய்யக் கூடாததைச் செய்தாள். சட்டத்தை மீறி, எதிர் மேசை வோல்க்மாரிடம் போய்ச் சொன்னாள்.

வோல்க்மார் யார் என்று சொல்ல வேண்டும். அவளுடைய கம்பெனியான ஹோல்ம்பெர்க்கின் ஆட்களுக்கு அங்கே மேஸ்திரி மாதிரி. பதினொரு வருடமாக எதிரெதிர் மேசை. இருவரும் கிரீஸ்ஹைமில் ஒரே டிராமில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள். அவனுடைய விவாகரத்தின்போது எட்டு மாதம் இவள் கொடுத்த சூப்பைத்தான் குடித்துக்கொண்டிருந்தான். நல்ல பேச்சுக்காரன், கையெழுத்து அழகு, வேலையில் சுமார். பரிசோதனைப் பயிற்சிகளில் திணறும்போதெல்லாம் ரோஸ்வித்தாவைப் பார்ப்பான். அவளும் ஒரு காகிதத்தில் விடையை எழுதி நகர்த்திவிடுவாள்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. நீயே போய்விட்டால் ஹோல்ம்பெர்க்கின் விண்ணப்பம் விழுந்துவிடும், இருபது பேர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்றான். ‘வேறு எந்தக் கம்பெனிக்கும் என் பெயரைத் தர மாட்டேன்’ என்று அச்சடித்த ஒரு தாளை இழுப்பறையிலிருந்து எடுத்தான்.

“நான் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன் ரோஸி. நீயும் போடு. விழுந்தா சேர்ந்து விழுவோம், நின்னா சேர்ந்து நிப்போம்.”

அவள் போட்டாள். மிலானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டோனதெல்லா இரண்டு முறை, நிச்சயமாகத்தானா என்று கேட்டாள். நிச்சயமாகத்தான் என்று ரோஸ்வித்தா இரண்டு முறையும் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போகும்போது நல்ல காரியம் செய்த நிறைவு வேறு அவளுக்கு.

ஜூனில் முடிவு வந்தது. மிலான் ஜெயித்தது. வராந்தாவில் ஒருவரும் அழவில்லை. எல்லாரும் முன்பே இரண்டு பக்கமும் துண்டு போட்டு வைத்தவர்கள். தொலைத்தொடர்புப் பிரிவு ஹார்ட்முட் காபி கோப்பையோடு வந்து, “என்ன ரோஸ்வித்தா, புதுச் சட்டை சைஸ் சரியா இருக்கா?” என்று சீண்டினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. “ஒரு சட்டைதான் தைச்சியா நீ? ஐயோ மடச்சி” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் மிலானுக்குப் பேசிப் பார்த்தாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, பெயரை இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் வோல்க்மார் டிராமில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். நாம் இரண்டு பேரும் மோசம் போய்விட்டோம் என்றான். அவளும் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். இதைத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை. வேலையைப் பறித்தவன் எவனாகவும் இருக்கலாம். பறித்துவிட்டுக் கைக்குட்டையும் கொடுத்தானே.

இரண்டாவது வாரம் அவனிடமிருந்து எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது: வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சமையலறையில் ரொட்டியும் சூடான லேபர்கேஸ் இறைச்சியும், வாருங்கள். வேலையை விட்டுப் போகிறவர் மற்றவர்களுக்குத் தீனி கொடுப்பது அங்கே வழக்கம். புதிதாகச் சேர்கிறவர் கொடுப்பதும் வழக்கம். இது எது என்று அவன் எழுதவில்லை. ரோஸ்வித்தா வழியனுப்புத் தீனி என்றே எடுத்துக்கொண்டாள். சேர்ந்து விழுந்தவர்கள் சேர்ந்தே விடைபெறுவோம் என்று விடியற்காலையில் எழுந்து இரண்டு தட்டு வெங்காய கேக் சுட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒரு அட்டையில், ‘எங்கள் இருவரிடமிருந்தும், நன்றி’ என்று எழுதிக் கேக் மேல் வைத்துக் கொண்டுபோனாள்.

சமையலறையில் கூட்டம் நின்றது. மிலானிலிருந்து வந்திருந்த டோனதெல்லா பழச்சாறுக் கோப்பையை உயர்த்தி, அரியெட்டாவின் புதிய இயக்கப் பொறியாளர் வோல்க்மாரை வரவேற்கிறேன் என்றாள். கைதட்டினார்கள். சிலர் வெங்காய கேக்கின் அட்டையைப் படித்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ரோஸ்வித்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேக் அருகே போனாள். அட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“எப்போ கொடுத்தே உன் பேரை?”

“நீ வேண்டாம்னு சொன்ன பிறகுதான் ரோஸி. சத்தியமா. நாற்காலி காலியா கிடந்தது. யாரோ ஒருத்தன் உக்காரத்தானே போறான்?”

“வேண்டாம்னு சொல்ல வெச்சது யாரு?”

நீயும் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாயே என்று துருவினாள். தன் தாளில் அவன் கையெழுத்தே போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், ஜீவனாம்சம் வேறு, உனக்கு என்ன, தனிக்கட்டைதானே என்றான். பதினொரு வருட சிநேகத்தில் அவளைப் பற்றி அவன் போட்டு வைத்திருந்த கணக்கு அவ்வளவுதான்.

அப்புறம் ஆறு வாரம். கிளம்புகிறவர் வருகிறவருக்கு வேலையை ஒப்படைக்க வேண்டும். அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அவன் எதிரில் உட்கார்ந்து அவள் சொல்லிக்கொடுத்தாள். தேவையானதை மட்டும் பேசினாள். டிராமில் வேறு பெட்டியில் ஏறினாள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தாள். அரியெட்டாவின் பெரிய எஞ்சின் எரிந்து ஓய்ந்ததும் அதன் குரல் உடனே கேட்காது. சூட்டில் அலைவரிசை நகர்ந்துவிடும். ஆறேழு நிமிடம் செத்தது போல் இருந்துவிட்டு, குளிர்ந்ததும் தானாகப் பேசும். அதற்குள் பதறிப்போய் ஏதாவது கட்டளை அனுப்பினால்தான் ஆபத்து; அது போய்ச் சேர்ந்து, நன்றாக இருப்பதைக் கெடுத்துவிடும். ஆவணங்களில் இது ‘காரணம் தெரியாத தாமதம்’ என்று மூடப்பட்ட விஷயம். முழுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவன் பதறுவான், கட்டளை அனுப்புவான், மாட்டுவான். நினைக்கவே இனித்தது. ஆனால் பலியாகப் போவது அவன் அல்லவே, அரியெட்டா. ஐந்தாம் நாள் அதை எழுதி, சிவப்புக் கோடு போட்டு, அவனை மூன்று முறை வாய்விட்டுப் படிக்க வைத்தாள்.

செப்டம்பரில் ஃபிராங்பேர்ட்டில் ரயில் சிக்னல் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். நவம்பரில் நிலையத்திலிருந்து பார்வையாளர் அழைப்பு வந்தது. வோல்க்மார்தான் பெயரைக் கொடுத்திருந்தான். கிழித்துப் போடத்தான் நினைத்தாள். ஆனால் ஒன்பது வருடம் வளர்த்தவள் போய்ச் சேருகிற நாள். எப்படிப் போகாமல் இருப்பது?

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் விருந்தாளிகளோடு நின்றாள். எஞ்சின் எரிந்து ஓய்ந்தது. திரையில் அரியெட்டாவின் சிக்னல் கோடு படுத்துக் கிடந்தது. மூன்று நிமிடம். நான்கு. ஏஜென்சியின் பெரியவர்கள் எழுந்து வோல்க்மாரைச் சுற்றி நின்றார்கள். என்ன செய்யலாம், கட்டளை அனுப்பலாமா என்று கேட்பது ஒலிபெருக்கியில் கேட்டது. ரோஸ்வித்தா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

“யாரும் எதையும் தொடாதீங்க” என்றான் வோல்க்மார். “அவளை எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுங்க, பேசுவா.”

ஆறரை நிமிடத்தில் கோடு எழுந்தது. உள்ளே குதித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்து, அனுபவம் என்றால் இதுதான் என்று வோல்க்மாரின் தோளைத் தட்டினார். வோல்க்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடிப் பக்கம் திரும்பி, அவளைத் தேடிக் கண்டுபிடித்து, கையை உயர்த்தி ஆட்டினான்.

பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி பூரித்துப்போனாள். “உங்களைப் பாத்துத்தானே கை ஆட்டுறாரு? தெரிஞ்சவரா?”

ரோஸ்வித்தா திரையில் துடித்துக்கொண்டிருந்த கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்னு நெனச்சிட்டிருந்தேங்க” என்றாள்.